கொண்டையில் செருகிய பென்சில்

மதுரை,
15-4-80

அன்புள்ள சாதிகா,

நீ கீழக்கரைக்கு பஸ் ஏறியதிலிருந்து உனக்கு எழுத நினைக்காத நாளில்லை. எழுத உட்கார்ந்தால் 'அன்புள்ள' என்பதோடு பேனா நின்றுவிடும். உனக்கு என்மேல் கோபம். எனக்கும் உன்மேல் கோபம்தான். ஆனால் என் கோபம் ஊறுகாய் போட்டு வைக்கிற ரகமில்லை, இரண்டு நாளில் ஊசிப்போகிறது.

நேற்று விடியற்காலையில் ஒரு கனவு. நான் சட்டசபைக்குப் போயிருக்கிறேன். அது நம் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு மாதிரியே இருந்தது. அதே உத்தரம், ஓட்டுக் கூரையின் விரிசல் வழியாக அதே வெயில். பெஞ்சுகள் சின்னவை என்பதால் மந்திரிகள் முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். நான் வருகைப் பதிவு எடுத்தேன். பெயரைக் கூப்பிடக் கூப்பிட எல்லோரும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். கடைசிப் பெஞ்சில் நீ இருந்தாய். உன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். நீ ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய், பதில் சொல்லவில்லை.

விழித்த பிறகும் கொஞ்ச நேரம் எது கனவு, எது நிஜம் என்று பிடிபடவில்லை. பாதி நிஜம்தானே! நீ கிளம்பும்போது யோசனையாக இருந்தது இப்போது முடிவாகிவிட்டது. மேலூர்ப் பக்கத்தில் சுயேச்சையாக நிற்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு தேர்தலில் நிற்கக்கூடாது என்று நிர்வாகம் சொன்னது, வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். அண்ணன் சுப்பராமன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஜெயிச்சா ஊருக்கு லாபம், தோத்தா எனக்குத்தானே பாரம்?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். தோற்றால் எனக்குத் திரும்பிப்போக வகுப்பு கிடையாது.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாம்பாறையில் கல்லுடைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கேட்டு நாம் இருவரும் எத்தனை மனு எழுதினோம்! மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. மனு வாங்குகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது. நோட்டீஸ் ஒன்று இதனுடன் இருக்கிறது. நாலு கோரிக்கைகள்: குக்கிராமம்தோறும் பள்ளிக்கூடம், பெண் பிள்ளைகளுக்குப் பத்தாவது வரை பஸ் வசதி, கல்குவாரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, தூசி இருமலுக்கு மாதம் ஒருமுறை டாக்டர்.

நீ போகிற அன்றைக்கு ஒன்று சொன்னாய். "அந்தப் பொம்பளைக சிலேட்டுல நீ உனக்கு ஓட்டு எழுதப் போற" என்று. அது இன்னும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். வெள்ளாம்பாறையில் ஒரு வாசல்படிகூட ஓட்டுக் கேட்டு மிதிக்கமாட்டேன். அங்கே அந்தப் பெண்களுக்கு எழுதப் படிக்க நாம் தொடங்கிய சனிக்கிழமை வகுப்பில் தேர்தல் பேச்சை எடுக்கவே மாட்டேன்.

வகுப்பு நன்றாக நடக்கிறது. கைநாட்டு என்று இனி யாரும் அவர்களை ஏச முடியாது. முத்திருளாயியைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அவள் இன்னமும் உன் பெயரைத்தான் எழுதுகிறாள். ஒருநாள் விளையாட்டாக நீ பலகையில் எழுதிக் காட்டினாயே, அதைப் பிடித்துக்கொண்டவள் விடமாட்டேன் என்கிறாள். திட்டினால், "என் பேருல வளைவு சாஸ்தி டீச்சர். சாதிகா டீச்சர் பேரு சுளுவா வருது, அதையே வச்சுக்கிறேன்" என்கிறாள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

ஜகதா


கீழக்கரை,
22-4-80

ஜகதா,

'அன்புள்ள' போட மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. வேண்டுமென்றேதான் போடவில்லை.

அலீமுக்கு இந்த ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு மாற்றல் வந்தது. நான் வேலையை விட்டேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை. புருஷனுக்கு மாற்றல் என்றால் பெண்டாட்டி டீச்சரானாலும் கலெக்டரானாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடைசி நாள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைக் கழுவ மனசில்லாமல் அப்படியே பஸ் ஏறினேன். அதே வேலையை நீ உன் கையாலேயே எறிந்துவிட்டு, கனவு கண்டேன் என்று கதை எழுதுகிறாய். எனக்கு எரியுமா, எரியாதா?

சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கமாட்டேன். சனிக்கிழமை வகுப்பு உனக்கு மட்டும் சொந்தமில்லை. ஓட்டுக்காகப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்களுக்குப் புளித்துப்போயிருக்கிறது. டீச்சரும் அந்தக் கும்பலில் ஓர் ஆள் என்று ஆகிவிட்டால், அப்புறம் 'அ' எழுதச் சொன்னாலும் இதில் என்ன சூது என்றுதான் பார்ப்பார்கள். சத்தியம் செய்திருக்கிறாய் அல்லவா, காப்பாற்று.

நோட்டீஸ் படித்தேன். நாலும் நல்ல கோரிக்கைதான். ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்: பஸ் ஸ்டாண்டுகளில் பெண்களுக்குக் கக்கூஸ். மதுரையிலிருந்து கீழக்கரை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்தேன். ஏன் என்று எந்த வேட்பாளனாவது கேட்டானா?

இங்கே மத்தியானம் ஆனால் ஊரே தூங்குகிறது. மாடியில் நின்று பார்த்தால் கடலும் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். வேலை இல்லாதவளுக்குக் கனவு எங்கே வரப்போகிறது என்றிருந்தேன், நேற்று வந்தது. அலைகள் வந்து வந்து கரையில் சிலேட்டுகளை வைத்துவிட்டுப் போகின்றன. எல்லாம் காலிச் சிலேட்டு. நான் பலப்பத்தைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த அலை வந்து வாரிக்கொண்டு போய்விடுகிறது. விழித்த பிறகு வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முத்திருளாயியிடம் சொல். என் பெயரை அவளுக்கு யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

சாதிகா


மதுரை,
3-5-80

அன்புள்ள சாதிகா,

திட்டினாலும் எழுதினாயே, அது போதும். உன் கடிதத்தை வேட்புமனுவோடு பையில் வைத்துக்கொண்டுதான் தாலுகா ஆபீஸுக்குப் போனேன்.

சின்னம் கிடைத்த கதையைக் கேள். நான் கேட்டது விளக்கு. அதையே இன்னொருவரும் கேட்டார். சீட்டுக் குலுக்கியதில் அவருக்குப் போய்விட்டது. எனக்கு விழுந்தது சைக்கிள்! என் லட்சணம் உனக்குத் தெரியும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட எனக்குத் தெரியாது. உன் அத்தா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அரைப்பெடல் போட்டுப் பழகினவள் நீ. உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய சின்னம் அது.

மேலூரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருக்கும் விருமாண்டி சேதி கேட்டுத் தானாகவே தேடி வந்தான். "டீச்சரக்கா, நம்ம கடைச் சாமானச் சின்னமா வச்சிருக்கீக. நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? கேரியர்ல ஏறிக் குந்துங்க, அம்புட்டு ஊரையும் சுத்திக் காட்டுறேன்" என்றான். அன்று முதல் கேரியர்தான் என் தேர். பெரிய கட்சிக்காரர்கள் ஜீப்பில் போகிறார்கள். எங்களைத் தாண்டும்போது அவர்களே சிரித்துக்கொண்டு வழி விடுகிறார்கள்.

உன் ஐந்தாவது கோரிக்கையைச் சந்தைக்கூட்டத்தில் பேசினேன். முதல் நாலுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்ற பெண்கள் ஐந்தாவதற்குக் கைதட்டினார்கள். ஒரு கிழவி, "இம்புட்டு நாளா இத ஒருத்தனும் பேசலயே தாயி" என்றாள். இது என் தோழி சாதிகா சொன்னது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். உனக்குக் காது அரித்திருக்குமே?

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு வைகை மணலில் தனியாகப் படுத்துக்கொண்டேன். எங்கெங்கோ குழந்தைகள் கூப்பிட்டன, பலூன்காரன் பீப்பீ ஊதினான், யாரோ பாடினார்கள். கண்ணை மூடினால் நானும் சேர்ந்து மிதக்கிற மாதிரி இருந்தது. போன வருஷம் இதே மணலில் நீ செருப்பைத் தொலைத்துவிட்டு, 'அழகருக்கே கொடுத்துவிட்டேன்' என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாய். அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

ஜகதா


கீழக்கரை,
10-5-80

அன்புள்ள ஜகதா,

போட்டுவிட்டேன், போதுமா? ஐந்தாவது கோரிக்கைக்காகப் போட்டது. மற்றபடி பழைய கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

பல்லில்லாதவனுக்குப் பக்கோடா கிடைத்த மாதிரி உனக்குச் சைக்கிள் கிடைத்திருக்கிறது. விருமாண்டியை இறுக்கிப் பிடித்துக்கொள். குழியைப் பார்த்தால் முன்கூட்டியே கண்ணை மூடுகிற பழக்கம் உனக்கு.

ஒரு காரியம். அலீம் முன்னொரு தேர்தலில் பூத் வேலை பார்த்தவர். படித்தவர்களே சீட்டைத் தப்பாக மடித்து, மை இரண்டு பக்கமும் அப்பி, ஓட்டைக் கெடுத்துவிடுகிறார்களாம். வெள்ளாம்பாறைப் பெண்கள் இதுவரை கட்சிக்காரன் லாரியில் ஏறிப்போய், அவன் சொன்ன இடத்தில் குத்திவிட்டு வந்தவர்கள். இந்தத் தடவை தாங்களாகப் போவார்கள். ஒரு மாதிரிச் சீட்டு எழுதிக்கொண்டு போய், எங்கே முத்திரை வைப்பது, எப்படி மடிப்பது என்று வகுப்பில் காட்டு. ஓட்டுக் கேட்க வேண்டாம். முறையை மட்டும் சொல்லிக்கொடு. சத்தியத்திலிருந்து அந்த மட்டும் உனக்கு விடுதலை தருகிறேன்.

அலீம் சாயங்காலம் வரும்போதெல்லாம் அவர் சட்டைப்பையைத்தான் முதலில் பார்க்கிறேன். "என்னைப் பார்க்குறியா, கடுதாசியப் பார்க்குறியா?" என்கிறார். நிஜத்தைச் சொல்ல முடியுமா?

சாதிகா


மேலூர்,
19-5-80

அன்புள்ள சாதிகா,

இதை விருமாண்டி கடை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பங்க்சர் ஒட்டுகிற பசை வாசனை கடிதத்திலும் அடிக்கும்.

இந்த வெயிலில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. தினமும் விடியும் முன்னே கிளம்புகிறோம். மத்தியானம் கேரியரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறேன். அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடக்கின்றன. தூரத்து ரோட்டில் தண்ணீர் நிற்கிற மாதிரி தெரிகிறது, நாங்கள் போகப் போக அதுவும் தள்ளித் தள்ளிப் போகிறது. ஊர் வந்தால் விருமாண்டி மணி அடித்து எழுப்புவான். இறங்கிப் பேசுவேன். பேசி முடித்த பிறகு, பேசினேனா, கனவில் பேசினேனா என்று சந்தேகமாக இருக்கும். ஓர் ஊரில், "பிள்ளைகளே, எல்லோரும் உட்காருங்கள்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஊரே உட்கார்ந்துவிட்டது, சாதிகா! நாட்டாமைகூட உட்கார்ந்தார்.

அந்த மாதிரி நேரத்தில் ஜெயித்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. வெள்ளாம்பாறைக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது போலவும், கல்தூசி படிந்து வெள்ளையாக இருக்கிற அந்தப் பொட்டலில் மணி அடிக்கிற சத்தம் கேட்பது போலவும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் கலைந்துபோகிறது.

மாதிரிச் சீட்டு விஷயம். மன்னித்துக்கொள், நான் செய்யமாட்டேன். சத்தியம் என்ன கைமாற்றா, பாதியை நீ தள்ளுபடி செய்ய? பலகையில் சைக்கிள் படம் ஒன்றை வரைந்து அதன்மேல் முத்திரை குத்திக் காட்டினால் அது ஓட்டுக் கேட்டதாகாமல் வேறென்ன? வேறு படம் வரைந்து காட்டினாலும் அவர்களுக்கு என் சின்னம் தெரியும், சிரிப்பார்கள். நீ சொன்ன அந்த வார்த்தை உண்மையாகிவிடக்கூடாது என்று இத்தனை நாள் பிடிவாதமாக இருந்துவிட்டேன். கடைசிச் சனிக்கிழமையில் விட மனசு வரவில்லை.

ஆனால் ஒன்றே ஒன்று சொன்னேன், அதுவும் கேட்டதற்குப் பதிலாகத்தான். வகுப்பு முடிந்து கிளம்பும்போது செல்லக்கிளி வழிமறித்தாள். (எல்லோருக்கும் முந்திக் கையெழுத்துப் படித்தவள், ஞாபகம் இருக்கிறதா? கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு கல்லுடைக்கப் போகிறவள்.) "டீச்சர், நீங்க வாயத் தொறக்க மாட்டேங்குறீக. அன்னைக்கு நாங்க போயி என்ன செய்யணும், அதையாச்சும் சொல்லுங்க" என்றாள். "யாருக்குப் போடணும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கைநாட்டு மட்டும் வைக்காதீங்க. பென்சிலைக் கொண்டுபோய் உங்க பேரை நீங்களே எழுதுங்க" என்றேன். அவ்வளவுதான். இதில் சத்தியம் உடைந்ததா, சொல்.

ஜகதா


கீழக்கரை,
25-5-80

அன்புள்ள ஜகதா,

உடையவில்லை. ஆனால் நீ அழுத்தக்காரி. உன்னோடு எட்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் சோற்று டப்பாவைப் பகிர்ந்துகொண்டவள் சொல்கிறேன், உன்னை மாதிரி அழுத்தக்காரி மதுரை ஜில்லாவில் கிடையாது.

எனக்கு ஓட்டு எங்கும் இல்லை. அங்கே பெயரை நீக்கிவிட்டார்கள், இங்கே இன்னும் சேர்க்கவில்லை. உனக்கு ஓட்டுப் போட முடியாது என்பதை நினைத்து வருத்தப்படுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. தொழுதுவிட்டு உனக்காகத் துஆ மட்டும் செய்கிறேன்.

தண்ணீர் குடி. கேரியரில் தூங்காதே.

சாதிகா


மதுரை,
29-5-80

அன்புள்ள சாதிகா,

நேற்று ஓட்டுப்பதிவு முடிந்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது, ஆனால் படுத்தால் இன்னும் கேரியரில் போய்க்கொண்டிருக்கிற மாதிரியே ஆடுகிறது.

வெள்ளாம்பாறைப் பெண்கள் லாரிக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தார்கள். சத்தியத்தை நினைத்துப் பூத்துக்குள் போகாமல் நான் புளியமரத்தடியிலிருந்து பார்த்தேன். வரிசையாக வருகிறார்கள், அத்தனை பேர் கொண்டையிலும் பென்சில்! மஞ்சள் பென்சில், சிவப்புப் பென்சில், கட்டைப் பென்சில். பூவுக்குப் பதிலாகப் பென்சில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் நின்ற விருமாண்டி, "டீச்சரக்கா, இது கல்யாண ஊர்வலமால்ல இருக்கு" என்றான்.

வெளியே வந்தபோது எல்லோருடைய கட்டைவிரலும் நீலமாக இருந்தது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உள்ளே சீட்டுக் கொடுக்கிற மேஜையில் இருந்தவர் கல்லுடைக்கிறவர்கள்தானே என்று பேச இடம் கொடுக்காமல் மைப்பெட்டியைத் தள்ளியிருக்கிறார். "எழுதத் தெரியும் சார்னு சொல்றேன், வரிசை நிக்குது வை வைனு வெரலப் பிடிச்சு அமுக்கிட்டாக" என்றாள் செல்லக்கிளி. ஆனால் அவள் முகத்தில் அழுகை இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, "நாங்க விட்டுருவமா? எழுதிட்டுத்தான் வந்தோம் டீச்சர்" என்றாள். எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கைநாட்டுக்குப் பக்கத்தில் சண்டை போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. முத்திருளாயிகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணுகிறார்கள். இன்று மத்தியானம் தூங்கியபோது ஒரு கனவு. நீ சைக்கிள் ஓட்டுகிறாய், நான் பின்னால் இருக்கிறேன், வைகையில் தண்ணீர் போகிறது, நாம் அதன்மேலேயே போகிறோம். சக்கரம் மட்டும் நனைகிறது.

ஜகதா


மதுரை,
3-6-80

அன்புள்ள சாதிகா,

தோற்றுவிட்டேன். மூன்றாவது இடம். பேப்பரில் என் பெயர்கூடச் சரியாக வரவில்லை, ஜெகதாம்மாள் என்று போட்டிருக்கிறான். அண்ணன் எனக்கு முன்னால் காப்பியை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் நான் எழுத வந்தது அதையில்லை.

எண்ணியது ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில். உயரமான உத்தரம், மேலே புறா, ஓட்டு விரிசலில் வெயில். பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் ஏஜென்ட்டுகள். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். சித்திரையில் நான் கண்ட கனவின் இடம் அது. வருகைப் பதிவு மட்டும்தான் என் கையில் இல்லை.

மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. மற்ற இருவருக்கும் கட்டுக்கட்டாகச் சேர, என்னுடையது மேஜை மூலையில் அடங்கிவிட்டது. நான் தேறமாட்டேன் என்பது பெரிதாக வலிக்கவில்லை. இதில் வெள்ளாம்பாறை இருக்கிறதா என்றுதான் மனசு அரித்தது. பெரிய கட்சி ஏஜென்ட் ஒருவர் சிரித்துக்கொண்டே, "டீச்சரம்மா, ஒங்க கல்லுடைக்கிற பொம்பளைகளே ஒங்களுக்குப் போடலயாக்கும்" என்றார். கேட்கவே இல்லையே, எப்படிப் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 

கடைசியில் செல்லாத ஓட்டுகளை எங்களிடம் காட்டினார்கள். அதிகாரி நல்ல மனிதர். தொடக்கூடாது, பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பிடித்தார். மை அப்பியது, இரண்டு இடத்தில் குத்தியது என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒன்றை எடுத்தார். சைக்கிள்மேல் முத்திரை அழகாக விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் பென்சிலில் 'செல்லக்கிளி' என்று எழுதியிருந்தது.

எனக்கு உடனே புரியவில்லை. அடுத்தது: சைக்கிள், முத்திரை, 'ஒச்சம்மா'. அடுத்தது: 'பேச்சியம்மாள்', அந்த 'ள்' மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன் அதை! சீட்டு வாங்கும்போது மைப்பெட்டியைத் தள்ளினார்கள் என்றேன் இல்லையா? முத்திரை குத்துகிற மறைப்புக்குள்ளே ஒருவரும் பார்ப்பதில்லை என்று செல்லக்கிளி கண்டுபிடித்து வந்து வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் சீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நான்தானே சொன்னேன், உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள் என்று. எதில் எழுதக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. நீ சொல்லிக்கொடு என்றாய், நான்தான் கேட்கவில்லை.

"சார், முத்திரை சரியாத்தானே இருக்கு?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "யார் போட்டதுன்னு தெரிஞ்சுட்டா அந்த ஓட்டு செல்லாதும்மா. அதுதான் சட்டம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பிடிக்க, நான் மனசுக்குள் வாசித்தேன். என்னையும் அறியாமல் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன், சாதிகா. ஒருத்தி பாக்கியில்லை. வகுப்பு முழுக்க வந்திருந்தது. நான் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவர்களாகவே வந்து, எனக்கென்று போட்டு, போட்டது நான்தான் என்று பெயரும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அழுததைத் தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து ஏஜென்ட்டுகள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் கட்டின் கடைசியில் ஒரு சீட்டு இருந்தது. பென்சிலை அழுத்தி அழுத்திக் காகிதமே ஓட்டையாகிற மாதிரி, பெரிய பெரிய எழுத்தில். சைக்கிளுக்குப் பக்கத்தில்.

'சாதிகா' என்று இருந்தது.

இந்தச் சனிக்கிழமை போக எனக்குத் தைரியம் இல்லை. "எங்க ஓட்ட எண்ணினாகளா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்ணினார்கள் என்று பொய் சொல்லட்டுமா? செல்லவில்லை என்று சொன்னால் அந்தப் பென்சிலை இனிமேல் தொடுவார்களா? நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஜகதா


கீழக்கரை,
5-6-80

என் அன்புள்ள ஜகதா,

அலீம் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். திரும்பி வந்தபோது நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். யார் மவுத்து, எப்போது தந்தி வந்தது என்று பதறிவிட்டார். "யாருமில்லை. நான் மேலூரில் ஓட்டுப் போட்டிருக்கிறேன்" என்றேன். "செல்லாத ஓட்டு" என்றும் சொன்னேன். மனுஷர் ஒன்றும் விளங்காமல் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட முதல் டீ.

அவர்கள் சிலேட்டில் நீ உனக்கு ஓட்டு எழுதப்போகிறாய் என்றேனே, அந்த வாயை எதைக் கொண்டு கழுவுவது? நீ எழுதவில்லை. அவர்கள் எழுதினார்கள். என் பெயரிலும் ஒருத்தி எழுதினாள். வாபஸ் வாங்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன், இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

அவர்களிடம் பொய் சொல்லாதே. கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் சரி என்று சொல்லி அனுப்பியிருக்கிறோமா எப்போதாவது? செல்லவில்லை என்று சொல்லத்தான் வேண்டும். ஏன் செல்லவில்லை என்பதையும், அதில் டீச்சரின் தப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் திட்டுவார்கள். வாங்கிக்கொள்வோம். கைநாட்டாகவே இருந்திருந்தால் ஓட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும், எழுதத் தெரிந்ததால்தான் இந்தத் தப்பே நடந்தது. இதைச் செல்லக்கிளி புரிந்துகொள்வாள். மற்றவர்களுக்கு அவளே சொல்லிவிடுவாள்.

நீ தனியாகப் போகாதே. வருகிற சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அலீமிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். வெள்ளாம்பாறையில் ஒரு பள்ளிக்கூடம் திறக்கும்வரை உன் வீட்டில்தான் இருப்பேன், சுப்பராமன் அண்ணனிடம் சொல்லிவை, பாரம் இரண்டாகிறது. உனக்குத்தான் வேலை இல்லையே, எனக்கும் இல்லை. சனிக்கிழமை மட்டும் என்று இனி எதற்கு? அந்தப் பொட்டலில் தினமும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துவோம். கூரை வேய்ந்த பிறகுதான் பாடம் என்று யார் சொன்னது? அரசாங்கம் மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளட்டும். விருமாண்டியிடம் சொல்லி ஒரு சைக்கிளை எடுத்து வைக்கச் சொல். நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார். குழி வந்தால் சொல்கிறேன், அப்போது கண்ணை மூடிக்கொள்.

முதல் வேலை முத்திருளாயி. அவள் பெயரில் வளைவு எத்தனை இருந்தாலும் சரி, அவள் கையால் அதை எழுதவைக்காமல் நான் திரும்பி பஸ் ஏறமாட்டேன். என் பெயரை அவள் எனக்குத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டாலும் பரவாயில்லை.

சித்திரையில் உன் கனவில் கடைசிப் பெஞ்சிலிருந்து நான் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை கூப்பிட்டாயாம். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

உள்ளேன் டீச்சர்.

சாதிகா